டேங்கர் ஓட்ட ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது: ஹசார்டஸ் என்டார்ஸ்மென்ட் வாங்கும் முறை

"ஹெவி இருக்கு, பேட்ஜ் இருக்கு, அப்புறம் என்னண்ணா?" என்று கேட்டுக்கொண்டு டேங்கர் வேலைக்கு வரும் பையன்களுக்காக இது. பெட்ரோல், டீசல், கேஸ், ஆசிட், குளோரின் என்று எதை ஏற்றினாலும் அதற்கென்று தனி அனுமதி, அதாவது அபாயப் பொருள் ஏற்றுவதற்கான 'ஹசார்டஸ் என்டார்ஸ்மென்ட்', லைசென்ஸில் ஏறியிருக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 9ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. கேரள-தமிழ்நாடு எல்லையில் நம் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒருவர் கையில் கேரள லைசென்ஸ் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் தமிழ்நாட்டு லைசென்ஸ் இருக்கும். விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் கார்டைத் திருப்புங்கள்

புது மாடல் ஸ்மார்ட் கார்டின் பின்பக்கத்தில் 'ஹசார்டஸ் வேலிடிட்டி', 'ஹில் வேலிடிட்டி' என்று இரண்டு வரி இருக்கும். முதல் வரி காலியாக இருந்தால் உங்களிடம் அனுமதி இல்லை. டிரான்ஸ்போர்ட் தேதியைப் பார்த்துவிட்டு 'இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்' என்று நினைப்பவர்கள்தான் அதிகம். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருடம், ஹசார்டஸ் 3 வருடம். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் அது ஒரே வருடமாக இருந்தது. ஆகவே இரண்டு தேதியும் ஒன்றாக முடியும் என்று நம்பவேண்டாம்.

தகுதி

டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். அதற்கு வயது 20, லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பது தெரிந்ததே.

குழப்பம் வருவது படிப்பில். எட்டாம் வகுப்புக் கட்டாயத்தை 2019-இல் எடுத்துவிட்டார்கள், அது டிரான்ஸ்போர்ட் லைசென்ஸுக்குத்தான். ஹசார்டஸ் வேண்டுமென்றால், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கத்துப் பையன்கள் சிலர் 'எனக்கு மலையாளம் எழுத வராதே' என்று தயங்குவார்கள். தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது, போதும். ஆங்கிலம்தான் இடறும். ஒரு மாதம் தினமும் கொஞ்சம் உட்கார்ந்தால் பொருள் பெயர்களையும் எச்சரிக்கை வாசகங்களையும் தட்டுத்தடுமாறியாவது படிக்க வந்துவிடும்.

மூன்று நாள் வகுப்பு

அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் 3 நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். கேரளத்தில் எடப்பாளில் உள்ள டிரைவர் பயிற்சி நிறுவனமான ஐடிடிஆர், போக்குவரத்து ஆராய்ச்சி மையமான நாட்பேக் போன்றவை நடத்துகின்றன. பணம் கட்டுவதற்கு முன், லைசென்ஸ் எந்த ஆர்டிஓவில் இருக்கிறதோ அங்கே 'இந்த இடத்துச் சான்றிதழை எடுத்துக்கொள்வீர்களா?' என்று கேட்டுவிடுங்கள். எல்லையில் இருக்கிற நமக்கு இந்த ஒரு கேள்வி வீண் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பாடம் மூன்று பகுதி: தற்காப்பு டிரைவிங், மேம்பட்ட டிரைவிங், ஏற்றும் பொருளின் பாதுகாப்பு. முதல் இரண்டும் ஓரளவு தெரிந்ததுதான். மூன்றாவதில் தூங்காதீர்கள். டேங்கரின் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும் பலகையைப் படிக்கக் கற்றுத்தருவது அங்கேதான். அதில் உள்ள நாலு இலக்க எண் என்ன பொருள் என்பதைச் சொல்லும்: 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் எல்பிஜி, 1017 என்றால் குளோரின். பெட்ரோல் வண்டியில் '3 ஒய் இ' என்ற அவசரகாலக் குறியீடும் எழுதியிருக்கும். 3 என்பது தீயை நுரை அடித்து அணைக்கச் சொல்கிறது. கடைசியில் வரும் 'இ', சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்த யோசிக்கச் சொல்கிறது. கேபினில் வைத்திருக்கும் ட்ரெம் கார்டு என்ற அவசரகாலக் குறிப்பு அட்டையில் கசிவு வந்தால் என்ன செய்வது, யாருக்குப் போன் போடுவது என்று விவரமாக இருக்கும். அதை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது டிரைவர் பொறுப்பு. கிளீனர் சீட்டுக்கடியில் சுருட்டி வைப்பதெல்லாம் கணக்கில் வராது.

வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் வருவார். 2012-இல் கண்ணூர் சாலாவில் எல்பிஜி டேங்கர் கவிழ்ந்து 20 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் கொச்சியிலிருந்து வந்த கேஸ் டேங்கர் கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் கவிழ்ந்தபோது உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு லீவு விட வேண்டியிருந்தது. அப்படி ஒரு நேரத்தில் காசு கொடுத்து வாங்கிய காகிதம் எதற்கு உதவும்?

ஆன்லைன் விண்ணப்பம்

மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில், லைசென்ஸ் பகுதியான சாரதிக்குள் போய், மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் சேவைகளில் 'ஹசார்டஸ்' என்று வரும் என்டார்ஸ்மென்டை எடுங்கள். லைசென்ஸ் எண், பிறந்த தேதி போட்டு, சான்றிதழை ஏற்றி, கட்டணம் கட்டி, ரசீதைச் சேமியுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் லைசென்ஸில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியதற்கே திருப்பி அனுப்புவார்கள்.

டெர்மினல் பாஸ்

என்டார்ஸ்மென்ட் ஏறிய பிறகும், எரிபொருள் லோடு ஏற்றும் இடங்களான அம்பலமுகளிலோ இருகூரிலோ நேராக உள்ளே போய்விட முடியாது. பாஸ் எடுக்க வேண்டும். ஆதார், போட்டோ, மெடிக்கல், போலீஸ் வெரிஃபிகேஷன் என்று இடத்துக்கு இடம் பட்டியல் கொஞ்சம் மாறும், வேலை தரும் டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் கேட்டு எழுதி வாங்குங்கள். வெரிஃபிகேஷனுக்குத் தமிழ்நாட்டு முகவரி என்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளம், கேரள முகவரி என்றால் கேரள காவல்துறையின் 'துணா' இணையதளம். ஆதார் கோவையிலும் லைசென்ஸ் பாலக்காட்டிலும் இருந்தால் முதலில் முகவரியை ஒன்றாக்குங்கள், இல்லையென்றால் இரண்டு ஸ்டேஷனுக்கும் நடையாய் நடக்க வேண்டும்.

லோடிங்குக்குப் போகும் அன்று தீப்பெட்டி, லைட்டர், பீடி எதுவும் வேண்டாம். போனைக் கேட்டிலேயே வாங்கி வைப்பார்கள். காட்டன் சட்டை, ஷூ நல்லது. சைலன்சரில் தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை குனிந்து பாருங்கள்.

புதுப்பித்தல்

மறுபடியும் மூன்று நாள் போக வேண்டியதில்லை, ஒரு நாள் ரிஃப்ரெஷர் போதும். ஆனால் வகுப்பு நாம் நினைத்த வாரத்தில் கிடைக்காது. தேதி முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே பெயரைக் கொடுத்து வைத்துவிடுங்கள்.