ஸ்டேஜ்ல சஜெஷன் ஒர்க் ஆகணும்னா முதல் பத்து நிமிஷம் என்ன பண்ணணும்

மென்டலிசம், அதாவது மனசைப் படிக்கிற மாதிரி காட்டுற மேடை வித்தை, கத்துக்க வர்றவங்க நிறைய பேர் முதல்ல கேக்குறது, மனசுல நெனச்ச நம்பரை எப்படி சொல்றதுன்னுதான். அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல சஜெஷன், அதாவது வார்த்தையாலயே ஒருத்தரை ஒண்ணை உணர வைக்கிறது. ஒருத்தரை மேல கூப்பிட்டு "கை கனக்குது"ன்னு சொன்னதும் அந்த கை நெஜமாவே எறங்கணும்னா, அதுக்கு சரியான ஆள் யாருன்னு நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும். ஷோ நிக்கிறதும் விழறதும் அங்கதான்.

என்னைக் கேட்டா பெண்டுலத்துல இருந்து ஆரம்பிங்க, அதுவும் முதல்ல உங்க மேலேயே. ஒரு மோதிரத்தை ஒரு முழம் நூல்ல கட்டி, கட்டைவிரல் ஆள்காட்டி விரல் நுனியில புடிச்சுக்கோங்க, பேப்பர்ல ஒரு வட்டம் போட்டு நடுவுல கூட்டல் குறி மாதிரி ரெண்டு கோடு போடுங்க, மோதிரம் நடுப்புள்ளிக்கு மேல தொங்கட்டும். கையை ஆட்டாதீங்க, ஒரு கோட்டு மேல முன்னயும் பின்னயுமா ஆடுதுன்னு மட்டும் நெனைங்க. கொஞ்ச நேரத்துல ஆட ஆரம்பிக்கும், அப்புறம் வட்டமா சுத்துதுன்னு நெனச்சா சுத்தும். பிரெஞ்சு கெமிஸ்ட் ஷெவ்ரோல் 1833-லயே இதை எழுதிட்டாரு, கண்ணைக் கட்டிக்கிட்டு பண்ணப்போ ஆட்டம் நின்னு போச்சுன்னும் சொல்லிருக்காரு. அதாவது ஆட்டுறது நம்ம விரல்தான், நமக்கே தெரியாம. 1852-ல கார்ப்பென்டர்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் இதுக்கு ஐடியோமோட்டார்னு பேர் வச்சாரு. நம்ம ஊர்ல போர் போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையில தேங்காய் வச்சு நீரோட்டம் பாக்குறாங்கல்ல, தேங்காய் தானா எழுந்து நிக்குறதுக்குப் பின்னாடி இருக்கிறதும் இதேதான்.

சரி, இப்ப ஆடியன்ஸ். எல்லாரையும் கை கோத்துக்கச் சொல்லுங்க, ரெண்டு ஆள்காட்டி விரலை மட்டும் நேரா நீட்டி ஒரு இன்ச் இடைவெளி விட்டு அந்த இடைவெளியையே பாக்கச் சொல்லுங்க. "விரல் ஒண்ண ஒண்ணு இழுக்குது... கிட்ட வருது..."ன்னு மெதுவா சொல்லிட்டே இருங்க. அந்த மாதிரி கோத்து வச்சா தசையே விரலை உள்ள தள்ளும், அதனால கிட்டத்தட்ட எல்லாருக்கும் வேலை செய்யும். முதல் ஐட்டம் இப்படித்தான் இருக்கணும், ஏன்னா தன் விரல் தானா நகர்றதைப் பார்த்தவரு அடுத்தது நீங்க சொல்றதை நம்பத் தயாரா இருப்பாரு.

அடுத்தது கனமான கை. கண்ணை மூடி ரெண்டு கையையும் முன்னாடி நீட்டச் சொல்லுங்க, ஒரு உள்ளங்கை மேல பாத்து இருக்கணும், அதுல தடிமனான டிக்‌ஷனரி, இன்னொரு மணிக்கட்டுல கேஸ் பலூன் கட்டியிருக்குன்னு விவரிங்க. இங்கதான் வார்த்தை முக்கியம். "கையை இறக்குங்க"ன்னு சொன்னா அது ஆர்டர், மனுஷன் முறைச்சுக்குவான். "அட்டை சொரசொரப்பா இருக்கு, ஓரம் உள்ளங்கையில அழுத்துது, தோள் கொஞ்சம் வலிக்க ஆரம்பிக்குது"ன்னு சொல்லுங்க. கையை நீட்டிட்டு நின்னா தோள் எப்படியும் வலிக்கும், அந்த நெஜ வலியே நீங்க சொன்ன டிக்‌ஷனரிக்கு சாட்சி சொல்லும். ரெண்டு நிமிஷம் கழிச்சு "கை அப்படியே இருக்கட்டும், கண்ணைத் தொறங்க"ன்னு சொல்லிட்டு ஹாலை ஒரு சுத்து பாருங்க. ஒரு கை இடுப்பு வரைக்கும் இறங்கி இன்னொண்ணு தலைக்கு மேல நிக்கும் சிலருக்கு, அவங்கதான் உங்க வாலண்டியர்ஸ். பக்கத்து சீட்டைப் பார்த்து சிரிக்கிறவங்க, ஃப்ரெண்ட்ஸ் தள்ளிவிட்டதால வர்றவங்க, குடிச்சிருக்கவங்க, இவங்களை எடுக்காதீங்க.

மொத்த ஹாலுக்கும் ஒண்ணா சஜெஷன் குடுக்குறதுக்கு ஸ்லாஸன்னு ஒரு அமெரிக்க பேராசிரியர் பண்ணதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியல. வாசனை எவ்வளவு வேகமா பரவுதுன்னு பாக்கப் போறேன்னு கிளாஸ்ல சொல்லிட்டு, ஒரு பாட்டில்ல இருந்து பஞ்சுல ஊத்துறப்போ மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கிட்டு, ஸ்டாப் வாட்சை ஆன் பண்ணி, வாசனை வந்ததும் கையைத் தூக்குங்கன்னாரு. 15 செகண்ட்ல முன் வரிசையில பெரும்பாலானவங்க கை மேல. கொஞ்ச நேரத்துல முக்கால்வாசி பேருக்கு வாசனை வந்துருச்சு, முன்னாடி இருந்த சிலர் எழுந்து போயிருவாங்க போலன்னு அவரே நிறுத்த வேண்டியதாப் போச்சு. பாட்டில்ல இருந்தது வெறும் தண்ணி! 1899-ல எழுதி வச்சிருக்காரு. கவனிங்க, நம்புங்கன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லல, செய்ய ஒரு வேலை குடுத்தாரு, ஸ்டாப் வாட்சும் திருப்பின மூஞ்சியும் மிச்சத்தைப் பாத்துக்கிச்சு.

இப்ப நம்பர். "10-லருந்து 50-க்குள்ள ரெண்டு இலக்க நம்பர், ரெண்டுமே ஒற்றைப்படை, ரெண்டும் வேற வேற, உதாரணத்துக்கு 15 மாதிரி"ன்னு கடகடன்னு சொல்லுங்க. கேக்க ஏகப்பட்ட நம்பர் இருக்கிற மாதிரி இருக்கும், எண்ணிப் பாத்தா மொத்தமே எட்டு, 15-ஐ நீங்களே சொல்லிட்டதால அதையும் யாரும் தொட மாட்டாங்க. நிறைய பேர் 37-க்குப் போவாங்க, அடுத்தபடியா 35. அதனால பேப்பர்ல முதல்ல 35 எழுதி ஒரே கோடு அடிச்சுட்டு கீழ 37 எழுதி வைங்க. 37-ன்னா சூப்பர், 35-ன்னாலும் "முதல்ல இதைத்தான் புடிச்சேன்"னு காட்டலாம். ரெண்டும் இல்லன்னா பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போயிடுங்க, விளக்கம் சொல்லிட்டு நிக்காதீங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கறாரு. இதை சக்தின்னு சொல்லி வியாதிக்காரங்க கிட்டயும் யாரையாவது இழந்தவங்க கிட்டயும் விக்காதீங்க. அமெரிக்காவுல பீட்டர் போபாஃப்னு ஒரு பிரசங்கியார், கூட்டத்துல இருக்கவங்க பேரு, வியாதி எல்லாம் கடவுளே சொல்ற மாதிரி சொல்லிட்டு இருந்தாரு. காதுல இருந்த குட்டி ரிசீவர்ல மனைவி பேசிட்டு இருந்ததை 1986-ல ஜேம்ஸ் ராண்டிங்கிற மேஜிக் நிபுணரோட டீம் ரேடியோ ஸ்கேனர்ல புடிச்சு டிவியில போட்டுக் காட்டுச்சு. அதே மாதிரி, நிக்கிறவரை "பின்னாடி சாயறீங்க"ன்னு சொல்லி சாய வைக்கிற டெஸ்ட்டை, புடிக்க ஆள் இல்லாம செய்யவே கூடாது. பிரிட்டன்ல ஸ்டேஜ் ஹிப்னாடிசத்துக்கு 1952-லயே தனிச் சட்டம் போட்டாங்க, இப்ப அங்க 18 வயசுக்கு கீழ இருக்கவங்களை ஷோவுல ஹிப்னாடைஸ் பண்ண முடியாது, நீங்களும் சின்னப் பசங்களை மேல ஏத்தாதீங்க.

வாலண்டியரை கீழ அனுப்புறதுக்கு முன்னாடி குடுத்த சஜெஷன் ஒவ்வொண்ணையும் வாயால எடுத்துடுங்க. "புக்கு போயிடுச்சு, பலூன் போயிடுச்சு, கை பழையபடி லேசா இருக்கு"ன்னு சொல்லி, கையை உதறச் சொல்லி, பேரைச் சொல்லி கைதட்டல் வாங்கிக் குடுங்க. படி இறங்குறப்போ கூடவே போங்க, ஷோ முடிஞ்சதும் அவரைத் தேடிப் போய் எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு கிளம்புங்க.