ஈரக்காற்றில் வோல்ட்டேஜும் காந்தமும்: புதுச்சேரி ஆய்வகத்துக்கு ஒரு செய்முறை

காந்தப் படலத்தின் மேல் ஆக்சைடு, அதன் மேல் எலெக்ட்ரோடு வைத்து வோல்ட்டேஜ் கொடுத்தால் காந்தம் மாறும். மாற்றியது எலெக்ட்ரானா, அயனியா, வெறும் சூடா என்பதில்தான் சிக்கல். காலாப்பட்டு போலக் கடலை ஒட்டிய இடத்தில், ஐப்பசி மழையில், சிக்கல் இரட்டிப்பாகும்.

ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் மேல் டான்டலம் 5 நானோமீட்டர், கோபால்ட்-இரும்பு-போரான் 1.1 முதல் 1.2, மக்னீசியம் ஆக்சைடு 2 என்று ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் மோதி அணுக்களைத் தெறிக்கவைத்துப் படியவிடும் முறையில்) போடுங்கள். வெற்றிடத்தில் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து அனீல் செய்யுங்கள். 300-ஐத் தாண்டினால் டான்டலம் மேலேறி, செங்குத்துக் காந்தத்தை, அதாவது படலத்துக்குச் செங்குத்தாக நிற்கும் காந்தத்தை, கெடுத்துவிடும். பிறகு அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) 30 நானோமீட்டர். அதன் மேல் 100 மைக்ரான் அகலப் புள்ளிகளாக ஐடிஓ (இண்டியம்-டின் ஆக்சைடு) எலெக்ட்ரோடு. ஒளி ஊடுருவும் என்பதால் கெர் விளைவில் (காந்தத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் சற்றுத் திரும்புவதைக் கொண்டு) நேராக அளக்கலாம். புள்ளி பெரிதானால் ஊசித்துளை மாட்டும், ஷார்ட் ஆகும்.

இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். 3 வோல்ட்டை 30 நானோமீட்டர் தாங்கினால், ஒரு நானோமீட்டருக்கு 0.1 வோல்ட். வோல்ட்டேஜ் செங்குத்துக் காந்தத்தின் ஆற்றலை மாற்றும் விளைவின் அளவு மீட்டர்-வோல்ட்டுக்குச் சுமார் 30 ஃபெம்டோஜூல். பெருக்கினால் சதுர மீட்டருக்கு 3 மைக்ரோஜூல்தான். காந்தப் படலமும் ஆக்சைடும் சேரும் இடைமுகத்தில் காந்தத்தைச் செங்குத்தாக நிறுத்தும் ஆற்றலோ ஒரு மில்லிஜூல் அளவில் இருக்கிறது. அதில் இது 0.3 சதவீதம். அதனால்தான் காந்தம் படுத்துவிடும் (படலத்தின் தளத்துக்குள் சாயும்) தடிமனுக்குச் சற்று முன்னால் நிற்கச் சொல்கிறோம். அங்கே மிச்சமிருக்கும் ஆற்றல் குறைவு, சின்ன மாற்றமும் கண்ணில் படும்.

அளக்கும்போது முதலில் கசிவு மின்னோட்டத்தைப் பாருங்கள். அடுத்து 0, +3, 0, −3, 0 என்ற வரிசையில் ஹிஸ்டரிசிஸ் வளையம் (வெளிக் காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் மாறும் வரைபடம்) எடுங்கள். மேல் எலெக்ட்ரோடு நேர்மின் என்றால் கோயர்சிவிட்டி (காந்தத்தைப் புரட்டத் தேவையான புலம்) குறைய வேண்டும், எதிர்மின் என்றால் கூட வேண்டும். இரண்டிலும் குறைந்தால் சூடுதான். நடுவில் வரும் 0-வைத் தவிர்க்காதீர்கள்: வளையம் உடனே பழைய இடத்துக்கு வராவிட்டால் அயனி நகர்ந்திருக்கிறது.

அயனிக்கு ஈரம் தீனி. பிளாட்டினம்-கோபால்ட்-கடோலினியம் ஆக்சைடு அடுக்கில் தங்க எலெக்ட்ரோடுக்கு நேர்மின் கொடுத்தால், காற்றிலுள்ள நீர் பிளந்து ஹைட்ரஜன் அயனி கோபால்ட்டுக்குப் போய், செங்குத்துக் காந்தம் படுத்துக்கொள்ளும். அதுவே வேண்டுமென்றால் ஈரத்தை அளந்து விடுங்கள். நம்மூர்க் காற்றின் போக்கில் விட்டால் நேற்றைய வளையம் இன்று வராது. வேண்டாமென்றால் உலர் நைட்ரஜனில் அளந்து பாருங்கள். விளைவு மறைந்தால் குற்றவாளி தண்ணீர்.

உப்புக்காற்று வேறு மாதிரிப் படுத்தும். சில்லின் (படலம் போட்ட சிலிக்கான் துண்டின்) மேல் ஈரப்படலம் படிந்து, எலெக்ட்ரோடுகளுக்கு நடுவே மின்சாரம் கசியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி, நைட்ரஜன் ஊதி, 100 டிகிரி ஹாட்பிளேட்டில் பத்து நிமிடம் வைத்தால் கசிவு இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஆக்சைடே ஓட்டை. ஊசி முனையை நேராகக் குத்துவதும் அந்த ஓட்டையைப் போடும். மெல்லிய தங்கக் கம்பியைச் சில்வர் பேஸ்ட்டில் ஒட்டுங்கள்.

டெசிக்கேட்டரில் (ஈரம் படாமல் வைக்கும் மூடிய பாத்திரத்தில்) நீலச் சிலிக்கா ஜெல் வெளிர் சிவப்பானதும் 120 டிகிரி அடுப்பில் வறுத்து, நீலம் திரும்பிய பிறகே சில்லை உள்ளே வையுங்கள்.