புகை அடங்கி எரியும் சின்ன ராக்கெட் அடுப்பு: அளவெடுத்துச் செய்வது எப்படி?

விறகடுப்பில் வரும் புகை என்பது எரியாமல் தப்பிப்போகும் விறகுதான். விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயு கிளம்பும். போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அது சுடராகும். இல்லையென்றால் புகையாகிக் கண்ணைக் கரிக்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி வகுத்த ராக்கெட் அடுப்பு, தீயைச் சுற்றிச் சூட்டைப் பிடித்து வைப்பதால் அந்த வாயுவையும் எரித்துவிடுகிறது.

தேவையானவை: 10 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் குழாய், அதே விட்டத்தில் ஓர் எல்போ (இரண்டு குழாய்களை ‘ட’ போல் செங்கோணமாக இணைக்கும் வளைவு), 28 செ.மீ. விட்டமும் 35 செ.மீ. உயரமும் உள்ள தகர டின், தகரத் துண்டுகள், சலித்த விறகுச் சாம்பல். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் வேண்டவே வேண்டாம். சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப்புகை விடும்.

முதலில் டின்னின் பக்கவாட்டில், அடியிலிருந்து 5 செ.மீ. விட்டு, குழாய் நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டுங்கள். டின்னுக்குள் 5 செ.மீ. சாம்பல் பரப்பி, அதன்மேல் எல்போவை உட்கார வையுங்கள். எல்போவில் செருகிய ஒரு குழாய், வெட்டிய வட்டம் வழியாக வெளியே வரட்டும்; விறகு வைக்கும் வாய் இதுதான். இன்னொன்று டின்னின் விளிம்பு மட்டத்துக்கு நிமிர்ந்து நிற்கட்டும். எல்போவின் அடியிலிருந்து அதன் உயரம் 30 செ.மீ. இருக்கும், அதாவது விட்டத்தைப்போல் மூன்று மடங்கு. இதைவிடக் குட்டையானால் காற்றை இழுக்கும் வேகம் குறையும்.

இனி சுற்றிலும் சாம்பலை நிரப்புங்கள். அழுத்திக் கெட்டிக்க வேண்டாம், அதில் அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. என் முதல் அடுப்பில் களிமண்ணைத் திணித்தேன். தீ அணைந்து வெகுநேரம் ஆகியும் மண் கதகதவென்றே இருந்தது. பாத்திரத்துக்குப் போகவேண்டிய சூடு அது. மண் சூட்டைத் தடுக்காது, குடிக்கும். சாம்பல் பறக்காமலிருக்க, நடுவில் ஓட்டை போட்ட தகரத்தால் மூடிவிடுங்கள்.

விறகு வாயில் ஒரு தகரத் தட்டைக் குறுக்கே செருகுங்கள். மேலே விறகு, கீழே காற்று. தட்டு நிமிர்ந்த குழாய்க்குச் சற்று முன்பே முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் விறகின் நுனி மட்டும் எரியும், கீழே நுழையும் காற்று நேராகத் தணலைத் தொடும்.

பலர் கோட்டைவிடுவது பாத்திரத்தின் இடைவெளியில். தீ போகும் வழி எங்கும் ஒரே பரப்பளவு இருக்க வேண்டும். நம் குழாயின் பரப்பு 78.5 ச.செ.மீ., சுற்றளவு 31.4 செ.மீ.; முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.5. குழாய் வாய்க்கும் பாத்திரத்தின் அடிக்கும் அவ்வளவு இடைவெளி விட்டு மூன்று தாங்கிகள் வையுங்கள். 24 செ.மீ. பாத்திரத்தைச் சுற்றித் தகர வளையம் கட்டினால் 75.4 செ.மீ. சுற்றளவுக்கு 1 செ.மீ. சந்து போதும். வெந்நீர் சீக்கிரம் கொதிப்பது இந்த வளையத்தால்தான்.

கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்த காய்ந்த விறகையே வையுங்கள். பற்றவைத்ததும் கொஞ்சம் புகையும். குழாய் சூடேறியதும் ‘உம்ம்’ என்று இரைந்து புகை மறையும். வாயை அடைத்துத் திணித்தால் திரும்பப் புகையும். எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும் என்பது இங்கே அப்படியே பொருந்தும்: தீயைக் குறைக்க இரண்டு குச்சியை வெளியே இழுத்தால் போதும்.

புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், திறந்த வெளியிலேயே மூட்டுங்கள். சாம்பல் நாளடைவில் படியும், மேலே கொஞ்சம் சேருங்கள். எல்போதான் முதலில் அரித்துப்போகும். அதை மட்டும் மாற்றினால் அடுப்பு மறுபடி எரியும்.