பழைய காருக்குக் கட்டுபடியாகும் சர்வீஸ்: மதுரையில் எந்த வேலையை யாரிடம் கொடுப்பது

காரை எங்கே விடுவது என்று நாலு பேரிடம் கேட்பதற்கு முன்னால், என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மொத்த வேலையையும் ஒரே இடத்தில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்து வருகிறவர்களுக்குத்தான் பில் எகிறுகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டராக இருந்தாலும் சரி, தெருமுனை ஷெட்டாக இருந்தாலும் சரி, இது பொருந்தும். பழைய காரில் செலவைக் குறைக்கும் வழி வேலையைப் பிரித்துக் கொடுப்பது.

வாங்கியவுடன் செய்ய வேண்டியது

முதலில் ஆர்.சி. புத்தகத்தோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய், வண்டியின் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்கள். கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று பார்த்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். அப்படியே சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கம்பெனி திரும்ப அழைத்த பாகம் ஏதும் மாற்றாமல் பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். எத்தனையாவது ஓனர் என்பது அதற்குத் தடையில்லை.

பில் கையில் இல்லாத எந்த வேலையும் செய்யப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "போன மாசம்தான் ஆயில் மாத்தினேன்" என்ற பேச்சு கணக்கில் வராது. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் இந்த ஐந்தையும் வாங்கிய முதல் வாரத்தில் மாற்றி, அன்றைய கிலோமீட்டரை எழுதி வையுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடம் தாண்டிய ஆயில், மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ போய் இறங்கும்போதுதான் இது தெரியவரும். அப்போது தெரிந்து பிரயோஜனமில்லை.

அடுத்து டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் பட்டை. எல்லாக் காரிலும் பெல்ட் கிடையாது. ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல், அதே ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல் ஆகியவற்றில் செயின் இருக்கிறது. சத்தம் வந்தால் பார்த்தால் போதும். 796 சிசி ஆல்டோ, பழைய சான்ட்ரோ, இன்னோவா 2.5 டீசல் ஆகியவற்றில் பெல்ட். எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று ஓனர் கையேட்டில் இருக்கும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் வயதானால் ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி, ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். பெல்ட் மாற்றும்போதே டென்ஷனர் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். கழற்றுகிற கூலி ஒன்றுதான்.

எது யாரிடம்

வாரண்டி அல்லது எக்ஸ்டெண்டட் வாரண்டி பாக்கியிருக்கும் வண்டியை கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள். வாரண்டி முடிந்த பிறகும் சில வேலைக்கு அங்கேதான் போக வேண்டும்: ஏர்பேக், ஏ.பி.எஸ்., சாவி புரோகிராமிங், கியர் தானாக மாறும் ஏ.எம்.டி. வண்டியில் கிளட்ச் மாற்றியபின் செய்ய வேண்டிய கேலிப்ரேஷன். இவற்றுக்குக் கம்பெனியின் ஸ்கேனர் வேண்டும். அங்கே வண்டியை விடும்போது ஜாப் கார்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இன்ஜின் ஃப்ளஷ் (இன்ஜின் உள்ளே கழுவ ஊற்றும் திரவம்), இன்ஜின் டிரெஸ்ஸிங் (வெளியே பளபளப்பு ஏற்றுவது), ஏ.சி. கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங் என்று வரிசையாக இருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டு, "எஸ்டிமேட்டுக்கு மேல் எதுவானாலும் போன் செய்து கேட்ட பிறகே செய்ய வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். இன்ஜின் ஃப்ளஷ் குறித்துத் தனியாக ஒரு எச்சரிக்கை: பல வருடம் ஆயில் சரியாக மாற்றாத இன்ஜினில் அதை ஊற்றினால், ஒட்டியிருந்த கசடு மொத்தமாகக் கிளம்பி ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். அத்தகைய இன்ஜினுக்கு 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் ஆயிலையும் ஃபில்டரையும் இரண்டு தடவை மாற்றுவது பாதுகாப்பானது.

ஆயில், பிரேக் பேட், கிளட்ச், சஸ்பென்ஷன், இன்ஜின் மவுண்ட் இவையெல்லாம் நல்ல தனி மெக்கானிக் ஷெட்டில் செய்யக்கூடியவை. நல்ல ஷெட்டைக் கண்டுபிடிக்க போர்டைப் பார்க்காதீர்கள், நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். உங்கள் மாடலே இரண்டு மூன்று நிற்கிறதென்றால் அந்த வண்டியின் நோவு அவருக்குக் கைவந்தது. வண்டிக்கு அடியில் ஆள் படுத்திருக்கும்போது வெறும் ஜாக்கி மட்டும் தாங்குகிறதா, ஸ்டாண்டும் வைத்திருக்கிறார்களா? கழற்றிய போல்ட்டுகள் தட்டில் இருக்கின்றனவா, மண்ணில் கிடக்கின்றனவா? புகாரைக் கேட்டவுடன் பானெட்டைத் திறக்கிறவரைவிட, "வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருவோம்" என்கிறவர் மேல்.

மற்ற வேலைகளுக்குத் தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள்: ஆட்டோ எலக்ட்ரீஷியன், ரேடியேட்டர்காரர், ஏ.சி. மெக்கானிக், டீசல் பம்ப் சர்வீஸ், வீல் அலைன்மென்ட், லேத். ஷெட்டில் விட்டாலும் அந்தப் பாகம் இவர்களிடம்தான் போய்வரும். நடுவில் ஒரு கைமாற்றுக் காசு சேரும். செல்ஃப் எடுக்கவில்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏறவில்லை என்றால் நேரே எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள். கார்பன் பிரஷ், பேரிங் மாற்றினாலே பல ஆல்டர்னேட்டர்கள் எழுந்துவிடும். பிரேக் டிரம் கடைவது போன்ற லேத் வேலைக்குப் புதூர், கப்பலூர் சிட்கோ பக்கம் விசாரித்தால் ஆள் கிடைக்கும்.

சாமான் வாங்குவது

பில்லில் பெரிய பங்கு சாமானுக்குத்தான். லேபரையும் சாமானையும் பிரித்துக் கேளுங்கள்: "அண்ணே, லேபர் மட்டும் எவ்வளவுன்னு சொல்லுங்க, சாமான் நான் வாங்கியாந்துர்றேன்." இதில் ஒரு நியாயமும் உண்டு. சாமானில் கிடைக்கும் கமிஷனை நம்பித்தான் பல மெக்கானிக்குகள் லேபரைக் குறைத்துச் சொல்கிறார்கள். நீங்கள் சாமான் வாங்கினால் அவர் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். அப்படியும் மிச்சம்தான். ஆனால் நீங்கள் வாங்கிய பாகம் கெட்டால் மறுபடி மாட்டும் கூலி உங்கள் தலையில் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடையில் "ஆல்டோ பிரேக் பேட்" என்று கேட்கக் கூடாது. வருடம், மாடல், சேஸிஸ் எண் சொல்லி, பார்ட் நம்பர் வாங்கிக் கேளுங்கள். கம்பெனிப் பெட்டியில் வரும் பல பாகங்களை கார் கம்பெனி தயாரிப்பதில்லை, வாங்கித்தான் விற்கிறது. பிரேக்குக்கு டிவிஎஸ் கிர்லிங், ஸ்டீயரிங் பாகங்களுக்கு ரானே, செல்ஃபுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் லூகாஸ் டிவிஎஸ், ஃபில்டருக்கும் பிளக்குக்கும் பாஷ் என்று கேட்டு வாங்கினால் தரம் குறையாது, விலை குறையும். 1911-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டிவிஎஸ் நிறுவனம் வேர்விட்டது நம்ம மதுரையில்தான். இந்தப் பெயர்களை உதிரி பாகக் கடையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பழைய ஸ்டிக்கரில் 28 சதவீதக் கணக்கில் அச்சான எம்.ஆர்.பி.யைக் காட்டினால் கேளுங்கள்.

ஹெட்லைட், கண்ணாடி, கதவு, பம்பர் போன்றவற்றைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம். பிரேக், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஸ்டீயரிங் ராடு ஆகியவற்றைப் பழசாக வாங்கவே கூடாது.

ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

சின்ன பெட்ரோல் கார்களுக்குச் சுமார் 3 லிட்டர் ஆயில் பிடிக்கும். துல்லியமான அளவும் கிரேடும் கையேட்டில் உண்டு. 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். "வெயில் ஊரு, கெட்டி ஆயில்தான் நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் காலை ஸ்டார்ட்டில் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பி.எஸ்.6 டீசலுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் என்று தனி ரகம் இருக்கிறது. சாதா ஆயில் ஊற்றினால் அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதை மாற்ற ஆகும் செலவில் பல வருட ஆயில் வாங்கலாம்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போது டிரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை குறைந்தது பத்து நிமிடம் விட வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்ததா என்று பாருங்கள். சில நேரம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புது ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையம் சேர்ந்து, ஓடும்போது பிதுங்கி, நாலுவழிச் சாலையில் மொத்த ஆயிலும் வெளியே போய் இன்ஜின் ஜாம் ஆகும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். பழைய வாஷரை வைத்து நீளப் பைப் போட்டு இறுக்குவதில்தான் மரை போகிறது.

அளவில் கால் லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றுங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். சீல் வழியே கசியவும் தொடங்கும்.

நம்ம ஊர் வெயிலுக்கு

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து, சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள்ளை ஏற்றிவிடும். கலக்கித் தயாராக வரும் கூலன்ட் வாங்குங்கள். கெட்டியாக வருவதென்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் சேருங்கள். பச்சையையும் சிவப்பையும் கலக்க வேண்டாம்.

வண்டி சூடாகிறது என்று போனால் சில ஷெட்டுகளில், இன்ஜின் சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அப்போதைக்குச் சூடு குறையும். ஆனால் இன்ஜின் அதற்குரிய சூட்டை எட்டாமலே ஓடி, பெட்ரோலை அதிகம் குடிக்கும். அடைத்த ரேடியேட்டர், ஓடாத ஃபேன், தேய்ந்த வாட்டர் பம்ப் என்ற உண்மையான காரணமும் மறைந்துபோகும். வால்வு கெட்டிருந்தால் புது வால்வு போடச் சொல்லுங்கள்.

ஏ.சி.க்கு வருடாவருடம் கேஸ் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. கேஸ் தானாகத் தீராது. லீக்கைப் பிடித்து அடைத்து, இருபது முப்பது நிமிடம் வேக்கம் போட்டு (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடை பார்த்து ஏற்றுகிறவரிடம் போங்கள். அதற்கும் முன்னால், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் குளிர் குறைவதற்குக் காரணம் அதில் சேர்ந்த தூசிதான்.

வண்டியை எடுக்கும்போது

தீபாவளிக்கும் ஆயுதபூஜைக்கும் முந்தின வாரம் வண்டியை விடாதீர்கள். எல்லா ஷெட்டும் நெரியும், வேலை ஓட்டமாக நடக்கும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் பேட் மாற்றியிருந்தால் காலிப்பர் பின்னைக் கழற்றி கிரீஸ் வைத்தார்களா என்று கேளுங்கள். அது இறுகினால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்து சக்கரம் சூடாகும்.

பணம் கொடுக்கும் முன் ஓட்டிப் பாருங்கள். தல்லாகுளத்திலிருந்து நத்தம் ரோட்டில் போகும் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் இதற்கு வசதி. கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யையும் பாட்டையும் அணைத்து, 60-இல் சீராகப் போகும்போது 'ஊம்' என்ற சத்தம் கேட்டு, வளைவில் அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

அன்றிரவு இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் வண்டியை எடுத்ததும் பாருங்கள். கிளீனர் பக்கம் (இடப்பக்கம்) வெறும் தண்ணீர் சொட்டியிருந்தால் அது ஏ.சி. தண்ணீர், கவலையில்லை. கறுப்போ பழுப்போ இருந்தால் ஆயில், பச்சை அல்லது சிவப்பு இருந்தால் கூலன்ட்: அட்டையோடு அன்றைக்கே ஷெட்டுக்குப் போங்கள். சக்கரத்தின் உள்பக்கம் மஞ்சளாக ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயில். வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.