‘அப்டேட்டில் வரும்’ என்று விற்கும் ஸ்பீக்கரை வாங்குமுன்

ஹட்டன் டவுனில் போன வருஷம் ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டியில் எல்.இ. ஆடியோ (புளூடூத்தில் குறைந்த மின்சக்தியில் பாட்டு அனுப்பும் புதிய முறை) என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘அப்டேட்டில் வரும்’ என்று இருந்ததை லயத்து வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்ட பிறகுதான் பார்த்தேன். இன்னும் வரவில்லை.

ஆகவே முதலில் அந்தப் பொடி எழுத்தை வாசியுங்கள். புளூடூத் 5.2 என்று இருந்தாலே எல்.இ. ஆடியோவும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், 5.2 வந்தது 2020இல், எல்.இ. ஆடியோவுக்கான விதிமுறைகள் முழுதாக முடிந்ததே 2022இல், அதையும் சேர்ப்பதா விடுவதா என்பது கம்பெனியின் விருப்பம். உங்கள் போனிலும் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய முறையில்தான் பாட்டு ஓடும்.

கடையிலேயே போனோடு இணைத்து, புளூடூத் செட்டிங்கில் ஸ்பீக்கரின் பெயருக்குள் போய், எல்.இ. ஆடியோ என்று ஒரு சுவிட்ச் தெரிகிறதா என்று பாருங்கள். கடைக்கார அண்ணன் “அடுத்த மாசம் வந்துரும் தம்பி” என்றால், சரி, அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து யாரும் எழுத மாட்டார்கள். அப்புறம் இன்றைக்கு வேலை செய்கிற வசதிக்கு மட்டும் விலை பேசுங்கள்.