சிடிகளை ரிப் செய்யக் கருவி வாங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரியில் இருக்கும் சிடிகளையெல்லாம் கணினிக்கு மாற்றிவிட (இதைத்தான் ரிப் செய்வது என்கிறோம்) வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எந்த டிரைவ் வாங்கலாம், எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும்? ஆரம்ப காலத்தில் எங்களைப் போன்றவர்கள் விழுந்த அதே பள்ளங்களில் புதிதாக வருகிறவர்களும் வரிசையாக விழுவதைப் பார்க்கிறேன். தட்டைத் துடைத்துப் போடுங்கள், விரல் படாமல் ஓரத்தில் பிடியுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். காசும் மாதக்கணக்கான உழைப்பும் வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

## "எந்த டிரைவாக இருந்தால் என்ன, எல்லாம் டிஜிட்டல்தானே?"

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கேட்பவர் மேல் இல்லை. இதை நம்பித் தங்கள் சேமிப்பு முழுவதையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்.

கோப்புகள் உள்ள சிடியும் பாட்டு சிடியும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே அப்படி இல்லை. தரவு செக்டார் என்ற சிறு துண்டுகளாகப் பதிந்திருக்கும். இரண்டிலும் ஒரு செக்டாருக்கு 2352 பைட் இடம். கோப்பு சிடியில் அதில் 2048 பைட்தான் உங்கள் தரவு. மீதி இடத்தின் பெரும்பகுதி பிழையைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் ஒதுக்கப்பட்டது. அதனால் வாசிக்க முடியாவிட்டால் கணினி 'முடியவில்லை' என்று நின்றுவிடும். பாட்டு சிடியில் 2352 பைட்டும் இசைக்கே போய்விடுகிறது. அடிப்படையான பிழைதிருத்தம் இதிலும் உண்டு, ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல் வரை அது சமாளிக்கும். அதைத் தாண்டினால் டிரைவ் நிற்பதில்லை. இரு பக்கத்து மதிப்புகளையும் பார்த்து, நடுவில் இருந்திருக்க வேண்டியதை உத்தேசமாக நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. '100% முடிந்தது' என்றுதான் திரையில் வரும்.

நண்பர் ஒருவருக்கு நடந்தது இது. கைக்கு அடக்கமான ஒரு யுஎஸ்பி டிரைவை வாங்கினார். கணினியில் ஏற்கெனவே இருந்த பாட்டுப் போடும் மென்பொருளிலேயே, எந்த அமைப்பையும் மாற்றாமல், நூற்றுக்கணக்கான சிடிகளை ரிப் செய்து முடித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவே தெரிந்தது. இடம் மிச்சமாகட்டும் என்று தட்டுகளைக் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு நாள் ஹெட்ஃபோனில் தனி வயலின் கேட்டுக்கொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். கோப்பை என்னிடம் அனுப்பினார். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வளைந்து வளைந்து போகிற கோட்டின் நடுவே, ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு சின்ன நேர்கோடு. அதை ஒட்டி ஒரு கூர்மையான முனை. டிரைவ் உத்தேசமாக நிரப்பிய இடம்.

அந்த ஒரு பாட்டு போனது பெரிதில்லை. மற்ற ஆயிரக்கணக்கான பாட்டுகளில் எது சரி, எது கெட்டது என்று தெரிந்துகொள்ள அவரிடம் எந்த வழியும் இல்லை. பதிவேடு கிடையாது, திரும்பப் போட்டுப் பார்க்கத் தட்டும் கிடையாது. மலிவான டிரைவ் என்று வாங்கியதற்கு அவர் கொடுத்த விலை அது.

ஆகவே டிரைவ் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு நன்றாக வாசிக்கும் என்பது மட்டும் இல்லை. வாசிக்க முடியாதபோது அதை ஒப்புக்கொள்ளுமா என்று கேளுங்கள். அதற்கு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, திருத்த முடியாத பைட்டுகளைச் சுட்டிக்காட்டும் சி2 தகவலை டிரைவ் தருகிறதா என்பது. சில டிரைவ்கள் தருவதாகச் சொல்லும், ஆனால் பாதியை விட்டுவிடும். அதனால் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

இரண்டாவது, கேஷ் நினைவகம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள்கள் 'பாதுகாப்பான' முறையில் ஒவ்வொரு செக்டாரையும் குறைந்தது இரண்டு முறை வாசித்து ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி வாசிக்கும். 16 வாசிப்பில் 8 ஒரே மாதிரி வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். நல்ல முறைதான். ஆனால் டிரைவ் முதல் வாசிப்பைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது முறை கேட்கும்போது தட்டைத் தொடாமல் அதையே எடுத்துக் கொடுத்தால்? தப்பும் தப்பும் ஒத்துப்போகும். டிரைவ் இப்படிச் செய்கிறதா என்று மென்பொருளிலேயே சோதித்துப் பார்க்கலாம். செய்கிறது என்றால் அதற்கான அமைப்பை மறக்காமல் போடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்: அக்யூரேட்ரிப். இது இணையத்தில் இருக்கும் ஒரு தரவுத்தளம். அதே சிடியை வேறு வேறு டிரைவ்களில் ரிப் செய்தவர்களின் சரிபார்ப்பு எண்கள் (பாட்டின் தரவிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்கள்) அதில் சேர்ந்திருக்கின்றன. உங்கள் எண் அவர்களுடையதோடு ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம். இதற்கு உங்கள் டிரைவின் ஆஃப்செட் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டு தொடங்கும் இடத்தைச் சில சாம்பிள்கள் (ஒலியின் மிகச் சிறிய அளவீடுகள்) முன்னே பின்னே கணக்கிடும். இந்த வித்தியாசம்தான் ஆஃப்செட். +6, +30, +102, +667 என்று மாடலுக்கு மாடல் மாறும். 667 சாம்பிள் என்பது ஒரு நொடியில் 66-ல் ஒரு பங்கு, காதுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு சாம்பிள் தள்ளிப்போனாலும் சரிபார்ப்பு எண் மாறிவிடும். அக்யூரேட்ரிப் வெளியிட்டிருக்கும் டிரைவ் பட்டியலில் நீங்கள் வாங்கப்போகும் மாடல் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிப்பெட்டியில் ஒரு பெயர் இருக்கும், உள்ளே இருக்கும் டிரைவ் வேறு நிறுவனத்துடையதாக இருக்கும். கணினியில் செருகியபின் மென்பொருள் காட்டுகிற பெயர்தான் நிஜம்.

மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, டிபிபவர்ஆம்ப். மேக்கில் எக்ஸ்எல்டி. லினக்ஸில் விப்பர். எதுவானாலும் ஒவ்வொரு சிடிக்கும் வருகிற லாக் கோப்பை, அதாவது ரிப் எப்படி நடந்தது என்ற பதிவேட்டை, பாட்டுகளோடு அதே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.

## ஒரே டிரைவை நம்பி உட்காருவது

ஒரு டிரைவ் திணறுகிற தட்டை இன்னொன்று சர்வசாதாரணமாக வாசித்துவிடும். எது எதை வாசிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. என்னிடம் ஒரு தட்டு இருக்கிறது, ஒரு டிரைவில் 7-வது பாட்டுக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் முனகும். பக்கத்தில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் டிரைவில் போட்டால் எல்லாப் பாட்டும் அக்யூரேட்ரிப்போடு ஒத்துப்போகும். விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிட, வேறு வேறு தயாரிப்பாளர்களின் இரண்டு சாதாரண டிரைவ்களை வாங்குவதே மேல். அதில் ஒன்றாவது டெஸ்க்டாப்புக்கான பெரிய டிரைவாக இருக்கட்டும். மெல்லிய டிரைவ்கள் நாள் முழுக்க ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல.

பழைய டெஸ்க்டாப் டிரைவை யுஎஸ்பி வழியாக இணைக்க அடாப்டர் வாங்கும்போது கவனம். சின்ன ஹார்ட் டிஸ்க்குக்கான அடாப்டர் 5 வோல்ட் மட்டுமே கொடுக்கும். பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். தனி மின்சார இணைப்புடன் வருகிறதைப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் டிரைவ் சுற்றவே சுற்றாது.

## 52எக்ஸ்

டிரைவின் வேகத்தைச் சொல்கிற அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். அந்த வேகத்தில் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுற்றும். நடு ஓட்டை அருகே விரிசல் உள்ள தட்டை அப்படிச் சுற்றவிட்டால் உள்ளேயே தூள்தூளாகிவிடலாம்.

## ப்ளூ-ரே டிரைவ்

படமும் பார்க்க வேண்டுமென்றால் வாங்குங்கள். சிடிக்காக என்றால் வேண்டாம்.

## தட்டை உள்ளிழுக்கும் ஸ்லாட் டிரைவ்

8 சென்டிமீட்டர் சின்ன சிடி ஒன்றாவது உங்களிடம் இருந்தால், டிரே உள்ளதை வாங்குங்கள்.

## எல்லாவற்றையும் தானே செய்யும் பெட்டி

சிடியைப் போட்டால் போதும், ரிப் செய்து, பெயர் போட்டு, அட்டைப்படமும் சேர்த்துத் தானே அடுக்கிவைக்கும் பெட்டிகள் இருக்கின்றன. வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரிப் சரியாக வந்ததா என்று லாக் தருமா? பாட்டுப் பெயர்களைக் கோப்புக்குள்ளேயே எழுதுமா, இல்லை தன்னுடைய தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுமா? கோப்புகளை ஃபிளாக் வடிவில் (ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்) அப்படியே வெளியே நகலெடுக்க விடுமா? கடைசி இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், பெட்டி பழுதாகும் நாளில் உங்கள் சேமிப்பு பெயரில்லாத கோப்புகளின் குவியலாகத்தான் கையில் கிடைக்கும்.

## கீறல் நீக்கும் எந்திரம்

முதலில் இதை வாங்குகிறவர்கள் நிறைய. பளபளக்கும் அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு பிளாஸ்டிக் இருக்கிறது, அங்கே விழுகிற கீறலை ஓரளவு தேய்த்து எடுக்கலாம். பெயர் அச்சிட்ட மேல்பக்கம்தான் ஆபத்தானது. தரவைத் தாங்கும் அலுமினியம் அங்கே மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் உலோகமே இல்லை. எந்த எந்திரத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அத்தகைய தட்டுக்கு கியூடூல்ஸ் என்ற மென்பொருளை முயன்று பாருங்கள். மற்றவர்கள் ரிப் செய்தபோது சேர்ந்த மீட்புத் தரவை வைத்துச் சின்னச் சேதங்களை அது சரிசெய்துவிடும்.

## பிரம்மாண்டமான ஹார்ட் டிஸ்க், அதுவும் ஒன்றே ஒன்று

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிடி இசை ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஒரு மணி நேர சிடி 600 எம்பி. இழப்பில்லாத ஃபிளாக் வடிவில் அது ஏறக்குறைய 350 எம்பி ஆகும். 500 சிடி என்றாலும் 175 ஜிபிதான். 1 டிபி டிஸ்க்கே தாராளம். இதற்குப் போய் நான்கு டிஸ்க் போடும் என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கிவிட்டு, ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் முறை) இருக்கிறது, பேக்கப் தேவையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அது எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

அந்தக் காசில் இரண்டு சாதாரண 1 டிபி டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறொரு இடத்தில் வையுங்கள். எம்பி3 வேண்டுமென்றால் ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருப்பிப் போக முடியாது. அப்புறம், ஃபிளாக் கோப்புக்குள் மூல ஒலியின் எம்டி5 எண், அதாவது ஒரு சரிபார்ப்பு எண், பதிந்திருக்கும். நகலெடுத்து முடித்ததும் இரண்டாவது டிஸ்க்கில் ஒரு முறை, அந்த எண்ணோடு ஒலியை ஒப்பிடும் ஃபிளாக் சோதனையை ஓட்டிவிடுங்கள். ஐந்நூறு சிடிக்கும் ஒரு ராத்திரி போதும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியதுகூட இல்லை.