ஒன்றரை லட்சம் ரூபாய் லேப்டாப் வாங்கலாமா? முடிவெடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

விலை அதிகமான ஒரு லேப்டாப்பின் மேல் கண் வைத்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று ராத்திரியெல்லாம் ரிவ்யூ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? முதலில் அதை நிறுத்துங்கள். புது மெஷினைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொண்டாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. இப்போது கையில் இருக்கிற லேப்டாப் எந்த வேலையில், எந்த இடத்தில் உங்களைக் காக்க வைக்கிறது என்று கண்டுபிடியுங்கள், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். வேலை மும்முரமாக நடக்கும்போது, அதாவது நீங்கள் எரிச்சலாகிற அந்த நேரத்தில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) நான்கில் எது உச்சத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறுகிறதா என்று பார்க்கலாம். ஒரு தடவை பார்த்தால் போதாது. ஒரு வாரம், மெஷின் திணறும்போதெல்லாம் பார்த்து, என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எது முட்டியது என்று ஃபோனில் ஒரு வரி குறித்து வையுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் உங்களுக்குப் புது லேப்டாப் வேண்டாம், ஒரு எஸ்எஸ்டி வேண்டும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூற்றைம்பது எம்பி படிப்பதே பெரிய விஷயம், சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500 எம்பியைத் தாண்டும், சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும்போது வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. மெமரி 90-க்கு மேல் நிற்கிறது என்றால் அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று காலி என்றால் ரேம் போட்டுப் பாருங்கள். என்ன, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம், மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்று வந்த க்ரூஷியல் பிராண்டையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அப்படியிருந்தும் ஒரு ரேம் குச்சியின் விலை ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

சூட்டையும் கணக்கில் எடுங்கள். மே மாதம் ஏசி இல்லாத அறையில் வேலை செய்தால், எந்த பிராசஸரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நாலு வருஷமாகத் திறக்காத லேப்டாப்பில் ஃபேனுக்குப் பக்கத்தில் தூசி அடைத்திருக்கும், பிராசஸரின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பக்கத்தில் நம்பகமான சர்வீஸ் கடையிலோ, சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவிலோ கொடுத்துச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பேங்க் வேலை, ஜிஎஸ்டி ஃபைலிங் எல்லாம் அதில்தான் என்றால் மாற்றுவது நியாயம்தான். ஆனால் அது புது லேப்டாப் வாங்கக் காரணம், விலை உயர்ந்த லேப்டாப் வாங்கக் காரணம் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தைக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிற, எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ரைசன் பிராசஸர், என்விடியா கார்டு உள்ள லேப்டாப் வைத்திருந்தார். சோனி ஏ7 ஃபோர் கேமராவில் எடுத்த 4கே ஃபுட்டேஜை பிரீமியர் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரின் டைம்லைனில் போட்டால் தாலி கட்டுகிற ஷாட்டே விட்டு விட்டு ஓடுகிறது. அதனால் ரைசனிலேயே இன்னும் பெரிய பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 போட்ட லேப்டாப் ஒன்றை ஒன்றே முக்கால் லட்சத்துக்கு வாங்கத் தயாராகிவிட்டார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு 100-இல் நிற்கிறது, ஜிபியு பக்கத்தில் வீடியோ டீகோட் என்கிற கோடு அசையவே இல்லை, தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது.

அதாவது அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய கார்டு அந்த வீடியோவைத் தொடவே இல்லை. காரணம் ஃபுட்டேஜ் 10-பிட், 4:2:2, எச்.265, அதாவது நிற விவரம் அதிகமாக வைத்து இறுக்கமாகச் சுருக்கிய வகை. இந்த வகையை ஹார்டுவேரிலேயே விரித்துக் காட்டும் வசதி இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸில் உண்டு, ஆப்பிளின் எம்1-இலிருந்து உண்டு. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது, 40 வரிசையில் கிடையாது. ஆகவே அவர் வாங்க இருந்த லேப்டாப்பிலும் அதே சிபியுதான் மூச்சு வாங்கியிருக்கும். அன்றைக்கே அவருக்குக் கிடைத்த தீர்வுக்குச் செலவு எதுவும் இல்லை. பிரீமியரிலேயே பிராக்ஸி என்கிற சின்ன நகல் ஃபைல்களை உருவாக்கி, அவற்றை வைத்து எடிட் செய்து, எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரிஜினலுக்கு மாறுவது. வேலை ஓடுகிறது. பிறகு ஆர்டர்கள் கூடி, பிராக்ஸி உருவாக்கவே நேரம் போதவில்லை என்கிற நிலை வந்தபோது எந்த வகை மெஷின் வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. இப்படி உங்கள் வேலைக்கு எது முட்டுகிறது என்று தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால், ரொம்பப் பெரிய மெஷின்கூடத் தப்பான மெஷினாகிவிடும்.

சரி, குறித்து வைத்ததைப் பார்த்தாயிற்று, இருக்கிறதைச் சரிசெய்ய வழியில்லை, புதுசுதான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எதற்குக் காசு கொடுப்பது? என் கணக்கு ஒன்றுதான். பின்னால் மாற்ற முடியாததற்குத் தாராளமாகக் கொடுங்கள், மாற்ற முடிந்ததற்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்காதீர்கள். பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். திரை, கீபோர்டு, சூட்டை வெளியேற்றும் அமைப்பு, மதர்போர்டிலேயே சால்டர் செய்த ரேம், இவற்றை மாற்றவே முடியாது, அல்லது மாற்றுவது கட்டுப்படியாகாது. இப்போது வருகிற மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் சால்டர்தான். வாங்குகிற அன்றைக்கே நாலைந்து வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். 2026-இல் எட்டு ஜிபி சால்டர் ரேமோடு ஒரு லட்ச ரூபாய் லேப்டாப் என்றால் கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

திரையில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்பெக் ஷீட்டில் ஃபுல் எச்டி ஐபிஎஸ் என்று மட்டும் பெரிதாகப் போட்டு, கீழே சின்ன எழுத்தில் 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருக்கும். நிட்ஸ் என்பது திரையின் வெளிச்ச அளவு, என்டிஎஸ்சியும் எஸ்ஆர்ஜிபியும் எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகள். வெளிச்சமான ஹாலில் உட்கார்ந்தால் திரையில் உங்கள் முகம் தெரியும், எழுத்து தெரியாது, பட்டுப்புடவையின் சிவப்பு வெளிறிப் போய்த் தெரியும். குறைந்தது 300 நிட்ஸ், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி இருக்கிற திரையைப் பாருங்கள். நாள் முழுக்க நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கப் போவது பிராசஸரை இல்லை, திரையைத்தான். ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரத்துக்குப் போனால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அதற்குக் கொடுக்கிற காசு வீணே இல்லை.

ஸ்டிக்கர் விஷயம். ஐ7 என்றால் ஐ5-ஐவிட வேகம் என்று நினைத்துப் பத்து, பதினைந்தாயிரம் கூடக் கொடுக்கிறோம். கோர் ஐ7-1255யு என்பது 15 வாட் பிராசஸர், பெரிய கோர் இரண்டு, சின்ன கோர் எட்டு. அதே தலைமுறையின் ஐ5-12500எச் 45 வாட், பெரிய கோர் நான்கு, சின்ன கோர் எட்டு. ரெண்டரிங், கம்பைலிங் மாதிரி தொடர்ந்து இழுக்கிற வேலையில் அந்த ஐ5 இந்த ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பதிலுக்குச் சார்ஜைக் குடிக்கும், சூடாகும். ஆக, எண்ணைப் பார்க்காமல் கடைசி எழுத்தைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். ஆர்டிஎக்ஸ் 4060 என்கிற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரைக்கும் லேப்டாப்புகள் வந்தன. ஒரே பெயர், ஆனால் விளையாட்டில் கிடைக்கிற ஃபிரேம் வேறு. எத்தனை வாட் என்று ஸ்பெக் ஷீட்டில் தேடுங்கள், இல்லை என்றால் கேளுங்கள், சொல்ல மாட்டேன் என்றால் வேறு மாடல் பாருங்கள்.

அப்புறம் இந்த கேமிங் லேப்டாப் எல்லாம் பிளக்கில் இருக்கும்போதுதான் சூரப்புலி. கரண்ட் போய் பேட்டரிக்கு வந்தால் கார்டு பாதி வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும், சார்ஜும் சீக்கிரம் காலி. அடிக்கடி பவர் கட் ஆகிற ஊரில், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், அதைப் பேருந்திலும் ரயிலிலும் தூக்கிக்கொண்டு அலைகிற வேலையில் இருந்தால் யோசியுங்கள்.

மேக்புக் பக்கம் வந்தால் பேட்டரியும் திரையும் பிரச்சினையே இல்லை, சார்ஜரைக் கழற்றினாலும் வேகம் பெரிதாகக் குறையாது. கேள்வி இரண்டுதான். ஒன்று, உங்கள் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா? டேலி பிரைம் மேக்கில் கிடையாது. ரெவிட், ஈடாப்ஸ், ஸ்டாட் புரோ, சாலிட்வொர்க்ஸ் கிடையாது. சிவில், மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைக்கு ஆசையாக மேக் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருஷம் தவிக்க வைக்காதீர்கள். இரண்டு, ஏரா, புரோவா? எம்4 ஏர் 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது, அதற்கு முன் வந்த, அதே எம்4 சிப் போட்ட மேக்புக் புரோ 14 அங்குலம் 1,69,900-இல் தொடங்கியது. ஏரில் ஃபேன் இல்லை, பத்து நிமிஷம் முழு வேகத்தில் ஓடினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் எக்ஸ்போர்ட் ஓடுகிறவருக்குப் புரோ, எழுதுகிறவருக்கும் புரோகிராமிங் செய்கிற பெரும்பாலானவர்களுக்கும் ஏர் தாராளம். ஆப்பிளில் ரேம், ஸ்டோரேஜ் ஒவ்வொரு படிக்கும் விலை நன்றாகவே ஏறும். ரேமுக்குக் கொடுங்கள். ஸ்டோரேஜுக்கு வெளியே ஒரு எஸ்எஸ்டி மாட்டிக்கொள்ளலாம்.

இனி பணம். மொத்த விலையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மாதத் தவணையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 1,70,000-க்கு வாங்கி நாலு வருஷம் கழித்து 60,000-க்கு விற்கலாம் என்று வைத்தால் செலவு 1,10,000, மாதத்துக்குச் சுமார் 2,290 ரூபாய். 70,000-க்கு வாங்கி 15,000-க்கு விற்றால் மாதம் சுமார் 1,145. வித்தியாசம் மாதம் 1,145 ரூபாய். விற்கிற விலையை உங்கள் ஊர் செகண்ட்ஸ் சந்தையைப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை இந்த மெஷின் மாதாமாதம் திருப்பித் தருமா? ஒரு ஆல்பம் சீக்கிரம் முடிந்து ஒரு ஆர்டர் கூடுதலாக எடுக்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். மெயிலும் எக்செலும் யூடியூபும்தான் என்றால் எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கணக்கு இடிக்கும். தொழிலுக்கு வாங்கி ஜிஎஸ்டி பதிவும் இருந்தால், விலையில் இருக்கிற 18 சதவீத வரியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க வழி உண்டு, கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் 40 சதவீதம் தேய்மானமும் உண்டு. ஆடிட்டரிடம் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள், பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் வர வேண்டும்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்று எழுதியிருந்தால் கூர்ந்து பாருங்கள். முழுப்பணம் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடி இதில் கிடைக்குமா, பிராசசிங் கட்டணம் எவ்வளவு, வட்டிப் பங்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போடுகிறார்களா என்று கூட்டிப் பார்த்தால் அந்தக் காஸ்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருக்கிற பெற்றோருக்குத் தனியாக ஒன்று. ஏஐ கோர்ஸ் சேர்ந்திருக்கிறான், ஜிபியு இல்லாமல் முடியாது என்று கடையில் சொல்வார்கள். முதல் இரண்டு வருஷம் பைத்தானும் கணக்கும்தான். மாடல் பயிற்சி கொடுக்கிற கட்டம் வந்தாலும் கூகுள் கோலாபிலும் காகிளிலும் இலவசமாகவே ஜிபியு கிடைக்கிறது. 16 ஜிபி ரேம், நல்ல திரை, ஒன்றரைக் கிலோ எடை, இது போதும். பாடத்தில் என்ன சாஃப்ட்வேர் வருகிறது என்று சீனியர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், சேர்ந்த முதல் வாரமே வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சர்வீஸ் பற்றி வாங்கும் முன்பே விசாரியுங்கள். ஆன்சைட் வாரண்ட்டி என்றால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், கேரி-இன் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உங்கள் ஊரில் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் இல்லை, மதுரைக்கோ கோவைக்கோதான் போக வேண்டும் என்றால் அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். லட்சத்துக்கு மேல் போகிற மெஷினுக்கு ஆக்சிடென்டல் டேமேஜ் கவர் எடுப்பது நல்லது, கீபோர்டில் காபி கொட்டினால் சாதாரண வாரண்ட்டி கை கொடுக்காது.

வாங்கிவிட்டால், பெட்டி பிரிப்பதை முழுசாக வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க ஒரே நிறத்தை வைத்துப் புள்ளி ஏதும் செத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா யுஎஸ்பி போர்ட்டிலும் ஒரு பென் டிரைவைச் சொருகிப் பாருங்கள். உங்கள் சொந்த வேலையில் ஒன்றை, பழைய மெஷின் திணறிய அதே ஃபைலை, அரை மணி நேரம் ஓட விட்டுச் சூடும் சத்தமும் தாங்குகிறதா என்று கவனியுங்கள். நிறையக் கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள், மாற்றித்தான் தருவார்கள், அதுவும் சில நாளுக்குள். அதனால் இதையெல்லாம் வந்த அன்றைக்கே முடித்துவிட்டு, சீரியல் எண்ணைப் பிராண்டின் இணையதளத்தில் போட்டு வாரண்ட்டி என்றிலிருந்து தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பில் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே தொடங்கியிருந்தால், பில்லை வைத்துத் தேதியைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், அதற்கு வழி இருக்கிறது.